'சொந்த விருப்பத்தின் பேரில்'

2023 செப்டம்பர் கடைசியில் எங்கள் அண்ணன் ஓசூரிலிருந்து பெட்டி படுக்கையோடு ஊர் வந்து சேர்ந்தான். கோணம் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு 22 வருடம் ஒரே கம்பெனியில் மெஷின் ஓட்டியவன். எங்கள் தெருவில் சம்பளச் சீட்டு என்ற ஒன்றை முதன்முதலில் கண்ணால் பார்த்தவன் அவன்தான். எங்கள் அப்பா தோவாளைப் பக்கம் வயலில் கூலி நெல் அளந்து வாங்கியவர். அந்த நெல்லுக்கு ரசீது கிடையாது, கணக்கு பண்ணையாரின் வாயில் இருந்தது. அண்ணனுக்கு ரசீது இருந்தது. ரசீது இருந்தால் ஏமாற்ற முடியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக் கொண்டிருந்தோம்.

கம்பெனியில் ஒரு பிரிவை மூடினார்கள். மூடுகிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு இரண்டு தாள்களை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் 9 லட்சம், போடாவிட்டால் வடக்கே ஏதோ ஒரு ஊருக்கு மாற்றல். அண்ணன் போட்டான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருப்பேன், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

வங்கியில் வந்து விழுந்தது 8,31,048 ரூபாய்.

மீதி 68,952 எங்கே என்று கேட்டால் வரிப் பிடித்தம் என்றார்கள். டீக்கடையில் வைத்து இதைச் சொன்னபோது பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "எளவு, வேலை போனதுக்கும் வரியாலே?" என்றார். ஆமாம், வரிதான். வேலை போனதற்காக முதலாளி தருகிற பணமும் சம்பளத்தைப் போலத்தான் என்பது வருமான வரிச் சட்டத்தின் பார்வை. அந்த வருடம் ஆறு மாதச் சம்பளம் 1,92,000, அதோடு இந்த 9 லட்சம், கழிவு 50,000 போக 10,42,000. அந்த ஆண்டின் புதிய முறைக் கணக்குப்படி வரி 66,300, அதன்மேல் 4 சதவீதம் கூடுதல் வரி. கூட்டிப் பாருங்கள், கணக்கில் ஒரு பைசா பிசகு இல்லை. வயலில் அளந்த மரக்காலில்தான் பிசகு இருக்கும், இவர்கள் கணக்கில் பிசகே வராது.

பிசகு வேறொரு இடத்தில் இருந்தது. அண்ணன் கையெழுத்திட்ட இரண்டு தாள்களையும் வாங்கிப் படித்தேன். முதல் தாளில் ஆங்கிலத்தில் நான்கே வரி. சொந்தக் காரணங்களால், சொந்த விருப்பத்தின் பேரில், வேலையை ராஜினாமா செய்கிறேன் என்று இருந்தது. 22 வருடம் ஓட்டிய மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள், இவனுக்குச் சொந்த விருப்பமாம்!

இந்த நான்கு வரியின் விலை என்ன என்பதைத் தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். அதே தாளில் 'ஆட்குறைப்பு' என்று எழுதியிருந்தால், அப்போது இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் சம்பளம் நட்ட ஈடு. 32,000 சம்பளக்காரனுக்கு 22 வருடத்துக்கு ஏறத்தாழ 3,52,000. அந்தத் தொகைக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(10பி) பிரிவில் வரிவிலக்கு உண்டு. அதைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 6,90,000 ஆகிறது. அந்த ஆண்டில் 7 லட்சம் வரை உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரியே இல்லை. அதாவது பூஜ்யம். கம்பெனி நேர்மையாக ஒரு விருப்ப ஓய்வுத் திட்டத்தை விதிப்படி வகுத்து அறிவித்திருந்தாலும் 10(10சி)-யில் 5 லட்சம் வரை விலக்கு. அப்போதும் பூஜ்யம். ராஜினாமா என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும் 68,952.

9 லட்சம் கொடுத்த கம்பெனி நல்ல கம்பெனிதானே என்று ஒரு நண்பர் கேட்டார். ஏன் கொடுத்தான் என்று யோசிக்க வேண்டும். ஆட்குறைப்பு என்று ஒப்புக்கொண்டால், 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற தொழிற்சாலை அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் சேர்ந்தவனைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். பிறகு ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவனுக்கு முதலில் சொல்ல வேண்டும். இத்தனை தலைவலியையும் நான்கு வரி ராஜினாமா துடைத்துவிடுகிறது. கூடுதல் பணம் அந்த நான்கு வரிக்கான விலை, அந்த விலையிலும் ஒரு பங்கு வரியாகத் தொழிலாளி தலையில். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதில் முன் அனுமதி வேண்டிய எண்ணிக்கை 100-லிருந்து 300 ஆகிவிட்டது. தானாகப் போனவன் ஆட்குறைப்பில் சேரமாட்டான் என்பது மட்டும் மாறவில்லை.

நம் பக்கத்திலேயே இதன் பெரிய உருவம் இருக்கிறது. மேல் கோதையாறுக்குப் போகிற பாதை மாஞ்சோலை வழியாகத்தான் போகிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கரில் பாம்பே பர்மா கம்பெனி தேயிலை போட்டது. கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலி உயர்வு கேட்டு அவர்களுக்காக நடந்த ஊர்வலத்தில்தான் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் போலீஸ் அடித்து விரட்டித் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். குத்தகை 2028-ல் முடிய, 2024-லேயே தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுத் தாள் நீட்டப்பட்டது. பணத்தில் ஒரு பகுதி கையெழுத்துக்கு, மீதி வீட்டைக் காலி செய்த பிறகு. நான்கைந்து தலைமுறையாக மலையில் பிறந்து மலையில் செத்தவர்கள் 'விருப்பத்தோடு' கீழே இறங்கினார்கள். அரசின் டான்டீ தோட்டத்தை எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர் தரப்பில் போட்ட வழக்குகளை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்கவில்லை.

ஜூலை 23-க்கு ஆற்றுப் பாலத்தில் மாலை போட நான் தவறாமல் போகிறவன். 2024 ஜூனில் அந்தத் தாள்கள் மலையில் சுற்றிக் கொண்டிருந்தபோது அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்தப் பிரிவில் பணம் வருகிறது, எவ்வளவுக்கு விலக்கு என்று உட்கார்ந்து படித்துச் சொல்ல நான் போகவில்லை. நம்மில் எத்தனை பேர் போனோம்? அடியும் சாவும் நடந்தால் நமக்கு உடனே தெரிகிறது. தாளில் நடப்பது கண்ணில் படுவதில்லை.

இதை எழுதினால், வருமான வரி என்பது நடுத்தர வர்க்கத்துக் கவலை, சேரி மக்களுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். பொழிக்கரைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் போன ஒரு தங்கச்சி, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், மூன்றரை வருடத்தில் வேலையை விட்டு பி.எஃப். பணம் எடுத்தாள். ஐந்து வருடத்துக்குள் எடுக்கிற பி.எஃப். 50,000-க்கு வந்தால் பிடித்தம் உண்டு. பான் கார்டு இருந்தால் 10 சதவீதம், இல்லாவிட்டால் 20. அவளிடம் இல்லை. 2023 ஏப்ரலுக்கு முன்பானால் 30-க்கும் மேல் போயிருக்கும். குறைந்த சம்பளக்காரர் பலரிடம் பான் கிடையாது என்று அரசே ஒப்புக்கொண்டு அந்த வருட பட்ஜெட்டில் 20 ஆக்கினார்கள். வரி கட்டுகிற அளவுக்கு வருமானமே இல்லாத பெண்ணிடம் ஐந்தில் ஒரு பங்கு! பான் வாங்கி 15ஜி படிவம் கொடுத்திருந்தால் ஒரு ரூபாய் பிடித்திருக்க மாட்டார்கள். இதைவிடக் கொடுமை, தொழிலாளியின் கையை மீறிய காரணத்தால் வேலை போனாலோ, கம்பெனி தொழிலை மூடினாலோ, உடம்பு முடியாமல் போனாலோ ஐந்து வருடம் ஆகாவிட்டாலும் அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. ஆனால் வேலையை விட்ட காரணம் என்ற கட்டத்தை நிரப்புவது முதலாளி. என்ன நிரப்பியிருப்பான் என்று நான் சொல்ல வேண்டுமா?

அதே 2023-ஐ இன்னொரு பக்கமும் பார்க்கலாம். எடுக்காத விடுப்பைக் காசாக்கும் தனியார் ஊழியருக்கு வரிவிலக்கு உச்சவரம்பு 3 லட்சமாக இருந்தது, ஒரே தாவலில் 25 லட்சம் ஆனது. அவ்வளவு விடுப்புப் பணம் யாருக்கு வரும் என்று யோசித்துக் கொள்ளுங்கள். ஆட்குறைப்பு நட்ட ஈட்டுக்கான உச்சவரம்போ 1997-ல் 5 லட்சம். 2023-லும் அதே 5 லட்சம். 26 வருடத்தில் அரிசி விலை ஏறியது, தங்கம் விலை ஏறியது, வேலை போனவனின் வரம்பு மட்டும் ஏறவில்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

'எங்கள் வரிப்பணத்தில் உங்களுக்குச் சலுகை' என்று சாதி இந்துக்கள் சொல்கிற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த மண்ணில் யார் வரி கட்டினார்கள்? ஒடுக்கப்பட்ட சாதிகளின் தலைக்கு வரி போட்டு, ஊழியம் என்று கூலி இல்லாமல் வேலையும் வாங்கிய திருவிதாங்கூர் இது. அடிமை முறையை ஒழிக்க 1855 ஆனது. இன்று தங்கச்சியின் பி.எஃப்.பில் பிடித்ததும் வரிப்பணம்தான். அதைத் திரும்பக் கேட்கத் தெரியாமல் விட்ட பணம் எவ்வளவோ.

அம்பேத்கரைச் சட்ட மேதை என்று சிலை வைக்கிறோம். அவர் 1923-ல் ரூபாயைப் பற்றியும் 1925-ல் மாகாண நிதியைப் பற்றியும் புத்தகம் எழுதியவர், 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர். கணக்கு அவருக்குச் சில்லறை விஷயமாக இருக்கவில்லை. நம் படிப்பு வட்டங்களில் பின்நவீனத்துவம் பேசுகிறோம், பேசட்டும், நானும் பேசியிருக்கிறேன். கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவம் 16-ஐயும் 26ஏஎஸ்-ஐயும் விரித்து வைத்துப் படித்தால் குறைந்து போய்விட மாட்டோம்.

அண்ணன் விஷயம் பாதிதான் தேறியது. நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம் பையன் ஒருவன் 89-ஆம் பிரிவைக் காட்டினான். வேலை போனதற்கான நட்ட ஈட்டை முந்தைய மூன்று வருடங்களுக்குப் பகிர்ந்து கணக்கிட்டு நிவாரணம் கேட்கலாம். அதற்கு 10ஈ படிவத்தை முதலில் போட வேண்டும், கணக்குத் தாக்கல் அதற்குப் பிறகுதான். மாற்றிச் செய்தால் நோட்டீஸ் வரும். அப்படிப் போட்டு இருபதாயிரத்துச் சொச்சம் திரும்பி வந்தது. 2025-ல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறி இந்தப் பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. ஆகவே நான் சொன்ன எண்ணை மனப்பாடம் செய்யாமல் விஷயத்தைப் பிடித்துக் கொள்ளுங்கள். அண்ணன் இப்போது ஆரல்வாய்மொழியில் ஆட்டோ ஓட்டுகிறான்.

போன மாதம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சித்தி மகன் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணினான். "அண்ணே, நாளைக்கு எங்கள ஒவ்வொருத்தரா கூப்பிடுகாங்களாம், என்ன செய்ய?" என்றான். "கையெழுத்துப் போடாத மக்கா, வாங்கிட்டு வெளிய வா, படிச்சிட்டுத் தாறேன்னு சொல்லு, எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். மறுநாள் மத்தியானம் தாள் வந்தது. அதே நான்கு வரிதான். தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். காரணத்தை அவர்களே அச்சடித்திருந்தார்கள்.