கண்ணுக்குக் காவல் யார்?

சென்ற மாதம் நம் சங்க அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் நம் முன் இருக்கிறது. தந்தையார் காலமான பின் ஊரில் தனித்திருந்த தாயாரை அவர் தம்முடன் வட நாட்டு நகரத்துக்கு அழைத்து வந்தார். அம்மையாருக்கு இந்தி தெரியாது. மகனும் மருமகளும் பகலெல்லாம் அலுவலகத்தில். அம்மையாருக்குக் கண்ணில் அரிப்பும் சிவப்பும் கண்டபோது, தெருமுனையில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கிருந்தவர் விளக்கொளியில் கண்ணைப் பார்த்தார், கண்ணாடிக்கு அளவெடுத்தார், சொட்டு மருந்து ஒன்றும் எழுதிக் கொடுத்தார். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. அம்மையாருக்கு அம்மருந்தின் மேல் அளவற்ற நம்பிக்கை பிறந்துவிட்டது. புட்டி தீரும்போதெல்லாம் பேரன் கையில் காலிப் புட்டியைக் கொடுத்தனுப்புவார்; மருந்துக் கடையில் புதியது வந்துவிடும். இப்படி ஒன்பது மாதங்கள் சென்றன. ஒரு நாள் நடந்து வரும்போது கதவின் ஓரத்தில் இடித்துக் கொண்டார். மறு வாரம் மீண்டும் இடித்துக் கொண்டார். மருத்துவமனையில் பார்த்தபோது கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து, ஒரு கண்ணில் பக்கப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது என்றார்கள். சொட்டு மருந்தில் இருந்தது ஸ்டீராய்டு.

"பார்வை அளப்பவர்கள் மருந்து கொடுப்பதையே அரசாங்கம் தடை செய்ய வேண்டாமா?" என்று அன்பர் கேட்கிறார். அவருடைய துயரத்தில் நாம் பங்கு கொள்கிறோம். எனினும் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறுவது நேர்மையாகாது. முதலில் யார் யார் என்று பிரித்தறிதல் வேண்டும்.

நாம் பொதுவாகக் 'கண் டாக்டர்' என்று அழைப்பவர்களில் மூவகையினர் உண்டு. மருத்துவப் பட்டம் பெற்று, அதன் மேல் கண் மருத்துவத்தில் சிறப்புப் படிப்பு முடித்தவர் கண் மருத்துவர். நோய்க்கு மருந்தும் அறுவையும் அவருடைய பொறுப்பு. பயிற்சி ஆண்டு உட்பட நான்கு ஆண்டுகள் கண்ணையும் பார்வையையும் பற்றிப் பயின்று பட்டம் பெற்றவர் ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படும் பார்வைப் பரிசோதகர். எழுதிய அளவுப்படி வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தித் தருபவர் கண்ணாடிக் கடைக்காரர். மூவரும் வெள்ளை அங்கி அணிந்து, எழுத்துப் பலகையின் முன் நம்மை உட்கார வைப்பார்களாயின், வேற்றுமை எவ்வாறு விளங்கும்? மொழி தெரியாத ஊரில் ஒரு மூதாட்டிக்கு எவ்வாறு விளங்கும்?

நாம் அன்பரிடம் மேலும் விசாரித்தோம். மருந்து கொடுத்தவர் பட்டம் பெற்ற பார்வைப் பரிசோதகரும் அல்லர். தம் மாமன் கடையில் இருந்து தொழில் பழகியவர். ஆகவே இங்கே நேர்ந்தது, ஒரு தொழிலார் தம் எல்லையைத் தாண்டியதால் வந்த தீங்கு அன்று. எல்லையும் வேலியும் இல்லாத வெளியில் யார் வேண்டுமாயினும் நுழையலாம் என்றிருந்ததால் வந்த தீங்கு.

சட்டம் என்ன சொல்லுகிறது? ஸ்டீராய்டு சொட்டு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்பது 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ளது. புட்டியின் மேலட்டையிலேயே அவ்வெச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். சீட்டு எழுதும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கே உரியது. பார்வைப் பரிசோதகரின் நிலையோ நெடுங்காலம் தெளிவின்றி இருந்தது. அலிகாரிலும் ஐதராபாத்திலும் 1958-இல் இக்கல்விக்குப் பள்ளிகள் தோன்றின. சென்னையில் 1985-இல் பட்டப் படிப்புக்கான கல்லூரி அமைந்தது. படித்து வெளிவந்தோர் பெருகினர். ஆனால் அவர்களைப் பதிவு செய்ய நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. 2021-இல்தான் நாடாளுமன்றம் மருத்துவம் சார்ந்த தொழிலாளர்க்கென ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. பார்வைப் பரிசோதகர், கண் மருத்துவ உதவியாளர், பார்வைத் தொழில்நுட்பர் ஆகியோர் அதன் அட்டவணையில் இடம் பெற்றனர். மாநிலந்தோறும் மன்றம் அமைத்துப் பதிவேடு தொடங்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. அதில் மாநிலங்கள் காட்டிய தாமதத்தைக் கண்டு, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே விரைவுபடுத்தும்படி ஆணையிட நேர்ந்தது.

பதிவேடு, யார் தொழில் செய்யலாம் என்பதைக் கூறும். எதைச் செய்யலாம் என்பது அடுத்த கேள்வி. இதில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

கண் மருத்துவர்கள் கூறுவதாவது: சிவந்த கண் எல்லாம் ஒன்றன்று. ஒவ்வாமையாலும் சிவக்கும், கருவிழிப் புண்ணாலும் சிவக்கும், அழுத்த நோய் திடீரென முற்றினாலும் சிவக்கும். முதலாவதற்கு இதம் தரும் ஸ்டீராய்டு, பூஞ்சையால் வந்த கருவிழிப் புண்ணுக்கு நஞ்சாகிவிடும். சிலருக்கு அம்மருந்தைத் தொடர்ந்து இடுவதாலேயே கண்ணழுத்தம் ஏறும், வலி இராது, பார்வை நரம்பு சிறிது சிறிதாகக் கருகும், கருகியது மீளாது. உடல் முழுவதையும் பற்றிப் பயின்றவரே இவற்றைப் பிரித்தறிந்து மருந்து தரவியலும் என்பது அவர்கள் வாதம்.

பார்வைப் பரிசோதகர்கள் கூறுவதாவது: கண் மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள். சிற்றூரிலும் ஆலைக் குடியிருப்பிலும் முதலில் நோயாளியைப் பார்ப்பவர் நாங்களே. எங்கள் கையைக் கட்டிப் போட்டால் அவர் போலி வைத்தியரிடம் போவாரேயன்றி, நூறு மைல் தாண்டி மருத்துவரிடம் போக மாட்டார்.

இதுவும் மெய்யே. நமக்குத் தெரிந்த மற்றொரு குடும்பத்தைச் சொல்லுகிறோம். சுரங்க நகரொன்றில் வாழும் அவர்களுடைய ஆறு வயது மகள் புத்தகத்தை முகத்தருகே வைத்துப் படித்தாள். பட்டம் பெற்ற பார்வைப் பரிசோதகர் சோதித்து, ஒரு கண் மட்டும் வேலை செய்யாமல் சோம்பிக் கிடப்பதை அறிந்தார். கண்ணாடியை மட்டும் விற்று அனுப்பிவிடாமல், பெரிய ஊர்க் கண் மருத்துவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். நல்ல கண்ணை நாளில் சில மணி நேரம் மூடி வைக்கும் சிகிச்சை நடந்தது; மருத்துவர் வகுத்தபடி மாதந்தோறும் சோதித்து வந்தவர் அதே பரிசோதகர்தாம். இன்று அக்குழந்தை இரு கண்ணாலும் படிக்கிறாள். இக்குறை சிறு வயதில் கவனியாமல் விட்டால் பின்னர் திருத்துவது மிக அரிது.

பிற நாடுகள் இவ்வழக்கை எவ்வாறு தீர்த்தன? அமெரிக்காவில் இத்தொழிலுக்கு முதற் சட்டம் 1901-இல் மினசோட்டா மாநிலத்தில் வந்தது. சோதனைக்கான சொட்டு மருந்தை இடும் உரிமை 1971-இல் ரோட் தீவிலும், நோய்க்கு மருந்து தரும் உரிமை 1976-இல் மேற்கு வர்ஜீனியாவிலும் முதன்முதலாகக் கிடைத்தன. இங்கிலாந்தில் 2008 முதல், கூடுதலாகப் பயின்று தேர்ந்தவர்க்கு மட்டும் மருந்து எழுதும் உரிமை உண்டு. இவற்றிலிருந்து நாம் அறிவது யாதெனில், உரிமை கல்விக்குப் பின்னே வர வேண்டும். அதற்கு முன்னே ஓடலாகாது.

நம் தமிழகத்திலும் ஒரு நல்வழி இருக்கிறது. 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் பார்வை மையங்களை நடத்துகிறது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்து, படமும் குறிப்பும் மருத்துவமனைக்கு அனுப்புகிறார். மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியோடு பேசி முடிவு சொல்லுகிறார். கை சிற்றூரில் இருக்கிறது; பொறுப்பு மருத்துவரிடம் இருக்கிறது. இருசாராரின் வாதத்துக்கும் இதில் விடை உண்டு.

ஆகவே நம் கருத்து இது. அளவெடுத்தல், கண்ணாடி, கண்ணொட்டு வில்லை, அழுத்தம் அளத்தல், பார்வைப் பயிற்சி, மங்கிய பார்வையினர்க்கான கருவிகள் ஆகியவற்றில் பதிவு பெற்ற பார்வைப் பரிசோதகருக்கு ஐயத்துக்கிடமற்ற உரிமை தர வேண்டும். கண்பாவையை விரிக்கும் மருந்து முதலியன, தனிப் பயிற்சியும் மருத்துவர் தொடர்பும் உள்ளவர்க்கே ஆகலாம். ஸ்டீராய்டும் லேசரும் கத்தியும் மருத்துவரிடமே இருத்தல் வேண்டும். ஐயுற்ற நோயாளியை உடனே மருத்துவரிடம் அனுப்புவது வெறும் நல்லெண்ணமாக நில்லாமல் சட்டக் கடமையாக வேண்டும்.

ஆனால் சட்டத்தின் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நாம் ஒதுங்குதல் தகாது. காலிப் புட்டியைக் கொடுத்தனுப்பியது நம் வீட்டுக் கை. சீட்டில்லாமல் கொடுத்த கடைக்காரரை நல்லவர் என்று புகழ்ந்ததும் நம் வாய். இனி கண்ணைக் காட்டுமுன் படிப்பையும் பதிவையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. எழுதிய மருந்து எத்தனை நாளைக்கு என்று கேட்டுச் சீட்டிலேயே குறித்து வாங்குங்கள். வலியோடு சிவந்த கண், திடீரென மங்கிய பார்வை, விளக்கைச் சுற்றித் தோன்றும் வண்ண வளையம் ஆகியவற்றுக்குக் கண்ணாடிக் கடை இடமன்று. நீரிழிவு உள்ளோர் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டுக. பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ அழுத்த நோய் இருந்தால், நாற்பது கடந்தவர்கள் குறையில்லை என்று தோன்றினாலும் சோதித்துக் கொள்க. அந்த அம்மையாரின் மகனும் இப்போது சோதித்துக் கொள்ள வேண்டியவரே. இதை அவருக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறோம்.

ஊரிலிருந்து வந்த முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வீட்டில் ஆளில்லையென்றால், சங்கத்துக்குச் சொல்லியனுப்புங்கள். இந்தியும் தமிழும் அறிந்த இளைஞர் ஒருவர் உடன் வருவது நம்மால் இயலாத காரியமன்று. அம்மையாருக்கு எஞ்சியிருக்கும் பார்வையை மருத்துவர்கள் இப்போது மருந்தால் காத்து வருகிறார்கள். கதவோரம் இப்பொழுது வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு தீட்டியிருக்கிறதாம். அப்படியொரு கோடு நம் அன்பர் வேறெவர் வீட்டிலும் தேவைப்படலாகாது.