புகை போனால் மட்டும் போதுமா?

பசுமை மின்சாரம் வந்தால் வேலைகள் பெருகும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். எத்தகைய வேலை, எத்தனை நாளைக்கு, யாருக்கு என்று கேட்டால் விடை வருவதில்லை. கேட்பவனை வளர்ச்சியின் விரோதி என ஒதுக்கிவிடுகிறார்கள்.

உடுவில்காரனான எனக்குப் புகைமீது பாசமில்லை. எமது பிரதேச செயலர் பிரிவிலுள்ள சுன்னாகத்தில், எண்ணெயில் இயங்கிய மின் நிலையத்தால் கிணறுகள் பாழாயின. நொதேர்ன் பவர் கொம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறில்லாத குடாநாட்டில் கிணறு போனால் தோட்டம் போயிற்று. தோட்டத்தில் கூலிக்கு நின்றவனின் பிழைப்பும் போயிற்று. ஆகவே எண்ணெய் போகட்டும். அதன் இடத்துக்கு வருவது எப்படி வருகிறது என்பதே என் வழக்கு.

மன்னாரில் 2020 டிசெம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையைப் பாருங்கள்: 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற். கோபுரம் நடும்வரை மண் வெட்டவும் கொங்கிறீற் சுமக்கவும் ஆட்கள் வேண்டும். நட்டபின் காற்றே வேலை செய்யும். காற்றாலையின் இயல்பு அது. பிறகு மிஞ்சுவது பயிற்சி பெற்ற சில தொழில்நுட்பவியலாளர்களின் வேலை. அடுத்தது காவலும் புல் வெட்டுதலும். முதல் வகைக்குள் எமது பிள்ளைகள் நுழைய வேண்டுமானால், கோபுரத்துக்கு அத்திவாரம் போடுமுன்னரே பயிற்சி தொடங்க வேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குக் காற்றும் சூரியனும் கலந்த மின் திட்டம் அமைக்க, 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. டீசல் ஜெனரேற்றர்களை நம்பியிருந்த தீவுகள் இவை. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே பழுதை அறியும் தொழிலாளிக்கு, மின்கலத்தைப் பராமரிக்கவும் கற்றுக்கொடுப்பது பெரிய செலவா?

என்னிடம் படித்த பையன்கள் சிலர் கூரைகளில் சூரியத் தகடு பூட்டுகிறார்கள். நாட்கூலி. இடுப்பில் பாதுகாப்புப் பட்டி இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. விழுந்தால் கொம்பனி ஒப்பந்தக்காரனைக் காட்டும். அவன் இன்னொருவனைக் காட்டுவான்.

தொழிலாளரைக் கைவிடாத மாற்றத்துக்கான வழிகாட்டலைச் சர்வதேச தொழில் தாபனம் 2015இலேயே வெளியிட்டது. 2030இல் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என இலக்குக் குறித்த அரசு, அதில் எத்தனை பேருக்கு நிரந்தரத் தொழில், எத்தனை பேருக்குப் பயிற்சி என்பதையும் குறிக்கட்டும்.

எழுதுகின்ற எமக்கும் ஒரு கடமை உண்டு. பாழான கிணறு எமது கதைகளுக்குள் வரவேண்டியதுதான். பட்டியில்லாமல் கூரையில் நிற்பவனும் வரவேண்டும். அவன் பத்திரமாக இறங்கும் ஏற்பாடு இல்லாதவரை, அந்த மின்சாரத்தைச் சுத்தமானது என்று நான் எழுதமாட்டேன்.