பதினைந்து வருஷத்துக் குழி

தோட்டத்தில் சாவு விழுந்தால் அந்தக் காலத்தில் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டியதில்லை. தப்புச் சத்தம் போதும். வெட்டுக்குப் போனவர்கள் வாளியை இறக்கி வைத்துவிட்டு லயத்துக்குத் திரும்புவார்கள். மூங்கில் வெட்டிப் பாடை கட்ட நாலு பேர், குழி வெட்ட நாலு பேர், வீடு வீடாகப் போய் காசு சேர்க்க கங்காணியோ தண்டலோ ஒருத்தர். கோடித் துணி, நெய்ப்பந்தம், வாய்க்கரிசி எல்லாம் அந்தக் காசில்தான். சவப்பெட்டிக் கடை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. லயமே அந்த வேலையைச் செய்தது.

சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங்கைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள் இருந்த காலம் அது. பத்தாங்கட்டை என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். இன்றைக்கு அங்கே அடுக்குமாடி வீடுகள். சாவு என்றால் புளோக்கு கீழ்த்தளத்தில் கூடாரம், பெட்டிக்காரருக்கு ஒரு போன், வண்டி, மண்டாய் தகனச் சாலை. மண்டாய் 1982-ல் திறந்தது. மறுநாளே சாம்பலை வாங்கிக் கடலில் கரைத்துவிடலாம். சாவைப் பதிய நாம் ஓட வேண்டிய அவசியமும் 2022 மே 29 முதல் இல்லை. வசதிதான், குறை சொல்ல மாட்டோம்.

பழையது எல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டோம். தப்படிக்கிறதையும் குழி வெட்டுறதையும் ஒரே சாதிக்காரன் தலையில் கட்டிவிட்டு, அவனை வாசலிலேயே நிறுத்திக் காசு கொடுத்த வழக்கமும் அந்த லயத்தில்தான் இருந்தது. 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது என்றால், இந்த மாதிரி வழக்கங்களைப் பார்த்து நொந்துபோனவர்கள் இருந்ததால்தான். கருமாதிக்குக் கடன் வாங்கி, அதை அடைக்க இரண்டு வருஷம் பால் வெட்டிய குடும்பங்கள் எத்தனை! பதினாறாம் நாள் தண்ணி போடுறதுக்கு மட்டும் எங்கிருந்தோ காசு வந்துவிடும்.

நாம் சொல்ல வந்தது வேறு. நம்மில் பல குடும்பங்களுக்கு எரிக்கிற வழக்கம் இல்லை, புதைக்கிற வழக்கம்தான். சிங்கப்பூரில் இன்றைக்குப் புதைக்க இடம் இருப்பது சுவா சூ காங் ஒன்றில்தான். அங்கேயும் 1998 நவம்பர் முதல் ஒரு குழிக்குப் பதினைந்து வருஷம்தான் கெடு. அதற்குப் பிறகு கட்டம் கட்டமாகத் தோண்டுகிறார்கள். எலும்பை எரித்து, சாம்பலை வாரிசிடம் கொடுப்பார்கள். யாரும் வந்து கேட்காவிட்டால் கடலில் தூவிவிடுவார்கள். முஸ்லிம்களுக்கு, எரிக்காமல் சிறிய இடத்தில் மறுபடி அடக்கம்.

இதைக் கொடுமை என்று நாம் எழுதத் தயாரில்லை. சின்ன தீவு, உயிரோடு இருப்பவனுக்கும் வீடு வேண்டுமே. பிடாடரியில் 2001 முதல் 2006 வரை கிறிஸ்தவர் கல்லறைகள் சுமார் 58,000, முஸ்லிம் கல்லறைகள் சுமார் 68,000 தோண்டப்பட்டன. நமக்கு மட்டும் வந்த சோதனை இல்லை இது.

ஆனால் ஒன்று. கல்லறையில் பேர் வெட்டி வைத்தவனுக்குக் கல் போனாலும் ஏட்டில் ஒரு பேர் மிஞ்சும். நம்ம தாத்தா குழிமேட்டில் நட்டது ஒரு மரக்கட்டை, அதைக் கறையான் தின்று எவ்வளவோ காலம் ஆச்சு. பத்தாங்கட்டையிலிருந்து அதே சாலையில் வடக்கே போனால் கிராஞ்சி போர் நினைவிடம். அங்கே எரியூட்டப்பட்ட சுமார் 800 பேருக்கு, பெரும்பாலும் இந்திய சிப்பாய்களுக்கு, பேர் பொறித்த தனிச் சின்னமே இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன நம் ஆட்களோ ஆயிரக்கணக்கில் காட்டில் செத்தார்கள். வாய்க்கரிசி போடக்கூட ஆள் இல்லை. பேர்ப்பட்டியல் எங்கே?

தோட்டத்தில் இன்னும் இருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். தோட்டம் கைமாறினால் கோயில் போகிறதே என்று கூட்டம் போடுகிறோம். சுடுகாடு போவதை யாரும் கேட்பதில்லை, அது நினைவுக்கு வரும்போது வீட்டு மனை ஆகியிருக்கும்.

ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர் யார் எங்கே அடக்கம், எந்த வருஷம், குழி எண் என்ன என்று இந்த மாதமே எழுதி வையுங்கள். சுவா சூ காங்கில் புதைத்தவர்கள் தேசிய சுற்றுப்புற வாரியத்தில் விசாரிக்கலாம். தோண்டுவதாக அறிவிப்பு வந்தால் கெடு முடிவதற்குள் பதிந்துவிடுங்கள். எழுதத் தெரியாத பாட்டி சொல்லட்டும், பள்ளிக்கூடம் போற பேத்தி எழுதட்டும். அந்தத் தாளைப் பிறப்புப் பத்திரம் இருக்கிற பெட்டியிலேயே வையுங்கள்.