பூட்டு எங்கே? சாவி யாரிடம்?

ஊர்ப் பொதுக் கிணற்றுக்கு ஒரு காலத்தில் பூட்டு இருந்தது. இரும்புப் பூட்டல்ல, சாதிப் பூட்டு! 1927-இல் மகத் நகரத்துக் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருக, அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. இன்று மேல்நிலைத் தொட்டி வந்தது, குழாய் வந்தது. மகிழ்கிறோம். ஆனால் பூட்டக்கூடாததைப் பூட்டி வைத்த நாடு, பூட்ட வேண்டியதைத் திறந்து போட்டிருக்கிறதே, இது என்ன நியாயம்?

2022 டிசம்பர். புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயல். ஆதிதிராவிடர் குடியிருப்பில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வாந்தி. தண்ணீரைப் பாருங்கள் என்றனர் மருத்துவர்கள். தொட்டிமேல் ஏறிப் பார்த்தனர். உள்ளே மனித மலம்! 2023 சனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போயிற்று. 2025 சனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதை ஏற்காதோரும் உண்டு. குற்றவாளி யாரென்று நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கேட்பது வேறு. குடிநீர்த் தொட்டியின் மூடியை எவனோ ஒருவன் திறக்க முடிந்தது எப்படி?

"அது புதுக்கோட்டைச் சேதி, நாஞ்சில் நாட்டுக்கு என்ன?" என்பீரோ? நாகர்கோவிலுக்கு முக்கடல் அணைத் தண்ணீர். சிற்றூர்தோறும் மேல்நிலைத் தொட்டி. இங்கே ஆண்டுக்கு இரு பருவமழை, கரையோரமெங்கும் உப்புக் காற்று. இரும்புப் பூட்டு துருவேறும். சாவி சுழல மறுக்கும். பூட்டை உடைப்பார்கள், மறுநாள் கம்பியால் கட்டுவார்கள். கம்பிக்கட்டு காவலாகுமா?

மூடிக்குத் துருப்பிடிக்காத நல்ல பித்தளைப் பூட்டு வேண்டும். சிறுவர் ஏறாதபடி ஏணியின் அடியில் கதவு வேண்டும். காற்றுக் குழாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் வலை வேண்டும். மோட்டார் அறையும் குளோரின் வைக்கும் அறையும் பூட்டியிருக்க வேண்டும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே சாவி என்பது பேதைமை! ஒன்று தொலைந்தால் ஒன்றியமே திறந்து கிடக்கும். எந்தச் சாவி, யார் வாங்கினார், எப்போது திருப்பித் தந்தார் என எழுத ஒரு நோட்டு வேண்டும். தொட்டி கட்டிய செலவோடு பார்த்தால் இவையெல்லாம் எம்மாத்திரம்?

பூட்டு மட்டும் போதுமா? போதாது! விடியுமுன் மோட்டார் போட்டு, வால்வு திறந்து, குளோரின் கலந்து ஊருக்கு நீர் தருபவர் தொட்டி இயக்குபவர். காலமுறை ஊதியம் கேட்டுக் கேட்டு அவர் தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீரைக் காப்பது பூட்டு. பூட்டைக் காப்பவர் அந்தத் தொழிலாளி. அவரைக் காப்பவர் யார்? அரைவயிற்றுக் கூலிக்கு முழுநேரக் காவல் கேட்பது அறமா?

தோழர்களே! மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று கிராம சபை கூடும். குமரி தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1-லும் கூடும். மேடைக்கு மாலை தேடுவதை விட்டு, அங்கே எழுந்து கேளுங்கள்: எத்தனை தொட்டி, எத்தனை பூட்டு, சாவி யாரிடம், அவருக்குச் சம்பளம் என்ன? பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்காராதீர்!

தொட்டியைப் பூட்டுவோம். மனத்தில் தொங்கும் சாதிப் பூட்டை உடைப்போம். இரண்டும் நடந்தால்தான் குழாயில் வருவது குடிநீர்!