1 மில்லி செகண்ட், எச்.டி.ஆர் மற்றும் ஒரு அரக்குப் புடவை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னைக்கு வந்ததுக்குக் காரணம் வயித்தெரிச்சல், வேற ஒண்ணும் இல்ல.

நம்ம பதிவர்கள்ல சில பேர் கேமிங் மானிட்டர் விமர்சனம்னு எழுதுறாங்க. டப்பா மேல இருக்குறதை அப்படியே தமிழ்ல தட்டி, பெட்டியைப் பிரிக்கிற நாலு படம் போட்டு, கடைசியில அஞ்சுக்கு நாலரை மார்க். மக்கா, இது விமர்சனம் இல்ல, கடை நோட்டீஸ். அதை நம்பித்தான் நானும் 27 இன்ச், 4கே, 144 ஹெர்ட்ஸ், ஐ.பி.எஸ் மானிட்டர் ஒண்ணை ஓரிக்கை வரைக்கும் வரவழைச்சேன். கம்பெனி பேர் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

முதல்ல '1 மில்லி செகண்ட்'. 144 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேம் திரையில நிக்கிறதே கிட்டத்தட்ட 7 மில்லி செகண்ட். டப்பாவுல போடுற 1 பெரும்பாலும் ஓவர்டிரைவை உச்சத்துல வெச்சு, ஒரு சாம்பல் நிறத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறுறதுல கிடைச்ச நல்ல கணக்கு. அந்த உச்சத்துல விளையாடிப் பாருங்க, ஓடுற ஆளுக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு பேய் சேர்ந்து ஓடும். இல்லைன்னா பின்விளக்கை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அணைச்சு ஏத்தி எடுத்த வேற கணக்கா இருக்கும். அதைப் போட்டா திரை மங்கும். ரெண்டுல எதுன்னு ஒரு விமர்சனத்துலயாவது எழுதியிருந்தீங்களா?

அடுத்தது எச்.டி.ஆர் 400. வெசா 2017ல கொண்டுவந்த டிஸ்ப்ளே எச்.டி.ஆர் முத்திரைகள்ல இதுதான் அடிமட்டம். திரையைப் பகுதி பகுதியா இருட்டாக்குற வசதி இல்லாமலே வாங்கிடலாம். சாதாரண ஐ.பி.எஸ் பேனலோட கான்ட்ராஸ்ட் ஆயிரத்துக்கு ஒண்ணுங்கிற அளவுலதான் இருக்கும். ராத்திரி கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஒரு குகைக்காட்சி பார்த்தேன். குகை கருப்பா இல்ல, சாம்பல் பூசின மாதிரி இருந்துச்சு.

எச்.டி.எம்.ஐ 2.1 கதை இன்னும் தமாஷ். 2021 டிசம்பர்ல டி.எஃப்.டி சென்ட்ரல் தளம் இதைப் போட்டு உடைச்சுது. 2.1ல புதுசா வந்த வசதிகள் எல்லாமே விருப்பத்துக்குத்தானாம். பழைய 2.0 வேகத்துல ஓடுற போர்ட்டுக்கும் 2.1னு பேர் வெச்சுக்கலாமாம். அந்த வேகத்துல 4கே படம் 60 ஹெர்ட்ஸைத் தாண்டுறதே கஷ்டம். நீங்க காசு கொடுத்தது 144க்கு. இதுக்கு நடுவுல 4கேன்னா 83 லட்சம் புள்ளி, ஃபுல் எச்.டி மாதிரி நாலு மடங்கு. என் லேப்டாப் கார்டு பெரிய கேம்ல 40 ஃப்ரேமுக்கே மூச்சு வாங்குது. 'உங்க கார்டு என்ன?'ன்னு வாசகனைக் கேக்காம 144க்குக் கைதட்டுறது என்ன நியாயம்?

இதெல்லாம் கூடப் போகட்டும், விளையாட்டுதானே. என்னைக் கடிச்சது நிறம்.

அப்பா குழித்தறியில நெய்யுறவர். வருஷத்துக்கு ரெண்டு மூணு புடவையை நாங்களே படம் எடுத்து, தெரிஞ்சவங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி விக்கிறோம். போன தடவை அரக்கு உடம்பு, பச்சைக் கரை. 'பரந்த வண்ணம், டி.சி.ஐ பி3 95 சதவீதம்'னு நீங்க புகழ்ந்த அதே திரையில படத்தைத் திறந்தேன். அரக்கு தக்காளிச் சிவப்பா எரிஞ்சுது. புடவையைத் திரைக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ரெண்டும் ஒண்ணாகுற வரைக்கும் நிறத்தைக் குறைச்சேன். பெங்களூர்ல ஒரு அம்மா கேட்டிருந்தாங்க, அனுப்பினேன். "வெளுத்த மாதிரி இருக்கே தம்பி, பழைய ஸ்டாக்கா?"ன்னு பதில் வந்துச்சு. இருபது நாள் உக்காந்து நெஞ்ச புடவை அது. அப்பாகிட்ட அந்த வார்த்தையை நான் சொல்லல.

நடந்தது இதுதான். நம்ம போட்டோ பெரும்பாலும் எஸ்.ஆர்.ஜி.பிங்கிற சின்ன வண்ண எல்லைக்குள்ள இருக்கும். வண்ணத்தை ஒழுங்கா கையாளாத மென்பொருள் அதை அப்படியே பெரிய எல்லைத் திரைக்கு அனுப்புனா, எல்லாத்தையும் இழுத்துக் கூட்டிக் காட்டும். சிவப்பும் பச்சையும் முதல்ல கெடும். கூட்டிக் காட்டுறதை நம்பி நான் குறைச்சேன், அவங்க போன்ல நிஜமாவே குறைஞ்சு போச்சு. மானிட்டர்ல எஸ்.ஆர்.ஜி.பி மோடுன்னு ஒண்ணு இருந்திருக்கு, மெனுவுல நாலாவது அடுக்குல. அதைப் போட்டா வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ விடாது. இந்த ரெண்டு வரியை எந்தப் பதிவுலயும் பார்க்கல. 95 சதவீதம் மட்டும் எல்லாப் பதிவுலயும் தடித்த எழுத்துல.

அப்பா டியூப்லைட்ல நிறம் பார்க்கவே மாட்டார். வாசலுக்கு எடுத்துட்டுப் போய், பகல் வெளிச்சத்துல மடிச்சுத் திருப்பிப் பார்ப்பார். மயில் கழுத்துன்னா பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், திருப்பத் திருப்ப மாறும். அதை எந்தத் திரையும் காட்டாது, அது வேற விஷயம். மேல சொன்ன அளவு சோதனைகூட நம்ம விமர்சனத்துல இல்லையேங்கிறதுதான் என் கடுப்பு.

நல்லதையும் சொல்லிடறேன். தமிழ் எழுத்து. 27 இன்ச்ல 4கேன்னா இன்ச்சுக்கு 163 புள்ளி, என் பழைய 24 இன்ச் ஃபுல் எச்.டியில 92தான். அதுல சின்ன எழுத்துல 'ண'வும் 'ன'வும் ஒரே புழுவா நெளியும். இதுல சுழியை எண்ணலாம். தமிழ்ப் பதிவர் தமிழ்ல எழுதுற விமர்சனத்துல இந்தச் சோதனை ஒண்ணாவது இருக்க வேணாமா? ஆங்கிலத் தளத்துக்காரன் 'ண' பார்த்தா எழுதுவான்?

அளக்குற கருவி இல்லைன்னு சொல்லாதீங்க, என்கிட்டயும் இல்ல. டெஸ்ட் யு.எஃப்.ஓ தளத்துல ஒரு தட்டு ஓடும், காசு கிடையாது, பேய் இருக்கா பாருங்க. லைட்டை அணைச்சுட்டு கருப்புப் படம் ஒண்ணு. வீட்ல இருக்குற ஒரு பட்டுத்துணி, ஜன்னல் ஓரம்.

டிஸ்கி: அந்த அரக்குப் புடவை இன்னும் பீரோவுல இருக்கு. எஸ்.ஆர்.ஜி.பி மோடுல மறுபடி படத்தைச் சரி பண்ணி அனுப்பினேன். பெங்களூர் அம்மா வேற எடுத்துட்டாங்களாம்.