கழுத்துச் சீட்டில் எவர் பெயர்?

மாசிமகத்தன்று புதுவை வைத்திக்குப்பம் கடற்கரை மக்கட் கடலாகிறது. மயிலத்திலிருந்தும் தீவனூரிலிருந்தும் வரும் திருமேனிகள் அங்கே கடலாடுகின்றன. அக்கரையில் திரளும் இளைஞர் பலர் அணிந்திருப்பது ‘டி-சர்ட்டு’ எனும் பின்னற்சட்டை. அதன் பின்கழுத்தைப் புரட்டிப் பாருங்கள்! தைத்தது திருப்பூர்த் தமிழன் கையாயினும், சீட்டில் இருப்பதோ ஆங்கிலம்!

‘லேபிள்’ என வணிகர் வழங்கும் அப்பெயர்ச்சீட்டு மாற்றுதற்கு எளியது. பெயரில்லாச் சட்டைகளை வாங்குவோர் பழஞ்சீட்டைப் பிரித்துவிட்டுத் தம் பெயர் நெய்த பட்டியைத் தைக்கின்றனர். அன்றிச் சூட்டழுத்தத்தால் கழுத்திலேயே அச்சிடுகின்றனர். அமெரிக்காவின் 1958-ஆம் ஆண்டு இழைச் சட்டமும் இதற்கு இடந்தருகிறது. இழையின் வகையும் விழுக்காடும், செய்த நாட்டின் பெயரும் சீட்டில் இருத்தல் வேண்டும். செய்தவன் பெயருக்கு மாற்றாக விற்பவன் தன் பெயரை இட்டுக் கொள்ளலாம். உழைத்தவன் பெயர் மறைவதற்குச் சட்டமே வழிவிடுகிறது!

புதுவைக்கு இது புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் தமிழ் நெசவாளர் நெய்து, அவுரிச் சாயந் தோய்த்த நீலத்துணி இங்கிருந்து கப்பலேறியது. மேலை ஆப்பிரிக்கச் செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசினுக்கு ஈடாக, காசு போலவே அது வழங்கிற்று. அத்துணிக்குப் பிரெஞ்சு வணிகர் இட்ட பெயரோ ‘கினி’! வாங்கிய நிலத்தின் பெயர் நிலைத்தது. நெய்தவன் பெயர் மறைந்தது. பின்னர் எழுந்த ஆலைகளும் சவானா, ரோடியர், கெப்ளே எனும் பெயர்களையே தாங்கின. 1936 சூலை 30-இல் உரிமை கேட்டுச் சவானா ஆலையில் குண்டுக்கு இரையான தொழிலாளர் பன்னிருவர். எட்டு மணி வேலைநாள் அவர்தம் குருதியால் விளைந்தது. அவ்வாலைகள் 2020-இல் மூடப்பட்டன. அவை நெய்த துணியில் அப்பன்னிருவர் பெயர் என்றேனும் இருந்ததுண்டா?

ஏற்றுமதிச் சட்டையில் எப்பெயர் இருத்தல் வேண்டும் என்பதை அயலான் முடிவு செய்கிறான். அதனை இன்றே மாற்றுதல் அரிது. நம் ஊரில் நாமே வாங்கி, நாமே உடுத்தும் சட்டைக்கு எவன் தடை? மன்றங்களும் விளையாட்டுக் குழுக்களும் சிறு கடைக்காரரும் தம் பெயரிலேயே சீட்டு நெய்விக்கின்றனர். அங்கும் ஆங்கிலத்தையே கேட்பவர் தமிழர் அல்லரோ? சீட்டு நெய்யும் தறி எவ்வெழுத்தையும் வெறுப்பதில்லை. ‘முழுப் பருத்தி’, ‘தண்ணீரில் துவைக்க’, ‘திருப்பூரில் தைத்தது’ என நெய்து தரக் கேட்டால் தறி நெய்து தரும். தமிழில் எழுதினால் விலைபோகாது என்பார் ஒருமுறையேனும் எழுதி விற்றுப் பார்த்தனரா?

தமிழ்ச் சீட்டுத் தைத்துவிட்டு ஊரை மறைப்பதும் தவறே. தைத்த ஊரும் இழையும் உள்ளவாறே இருத்தல் வேண்டும். பொய்ச்சீட்டு எம்மொழியில் இருப்பினும் பொய்யே.

பழஞ்சீட்டைப் பிரிக்க ஓர் ஊசி போதும். வரும் மாசிமகத்துக்குச் சட்டை அடிக்க முனையும் குப்பத்து இளைஞரே, சீட்டுக்குச் சொல்லுமுன் ஒரு நொடி எண்ணுக! உங்கள் ஊரின் பெயரை உங்கள் எழுத்திலேயே நெய்விப்பீர்!