சத்தத்துக்கு நடுவே வால்யூமைக் கூட்டலாமா?

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கியதும் சில தாத்தாக்களின் கை தானாகக் காதுக்குப் போகும். ஹியரிங் எய்டு கழன்று சட்டைப் பைக்குள் போய்விடும். அப்புறம் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்ன கேட்டாலும் ஒரு சிரிப்புதான் பதில். ‘இவ்வளவு காசு போட்டு வாங்கிக் கொடுத்தும் மாட்ட மாட்டேங்கிறாரே’ என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள். பாவம், அது பிடிவாதம் இல்லை. பல நேரங்களில் அந்தச் சத்தத்தை அவரால் நிஜமாகவே தாங்க முடிவதில்லை.

வயதாகி உள்காது பழுதாகும்போது மெல்லிய ஒலிகள்தான் காணாமல் போகின்றன. பெரிய சத்தம் கிட்டத்தட்ட பழையபடியே பெரிதாகக் கேட்கும். ‘மெதுவா பேசினா கேக்கல, கொஞ்சம் உரக்கப் பேசினா ஏன் கத்துறேங்கிறார்’ என்று மருமகள்கள் புலம்புவது இதனால்தான். கேட்காத சத்தத்துக்கும் தாங்காத சத்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அவருக்குச் சுருங்கிவிட்டது.

பேச்சு புரியவில்லை என்று வால்யூமைக் கூட்டினால், கூடவே இரைச்சலும் கூடும். புதிய கருவிகள் இரைச்சலை ஓரளவு அடக்குகின்றன. ஆனால், பக்கத்து டேபிளில் நாலு பேர் பேசினால் அதுவும் பேச்சுதானே! கருவி என்ன செய்யும்? அதனால் நன்றாகப் பழகியவர்களில் சிலர் கூட்டமான இடத்தில் வால்யூமை ஒரு படி குறைத்துவிட்டு, பேசுபவரின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். இரைச்சல் அப்படியே இருக்கும். பட்டனை அழுத்திக் கிடைக்காத லாபம் இது.

எப்போதும் கூட்டிக்கொண்டோ குறைத்துக்கொண்டோ இருக்கிறார் என்றால், ஆடியாலஜிஸ்ட்டிடம் சொல்ல வேண்டும். எந்த அளவுக்கு மேல் சத்தம் போகக் கூடாது என்று கருவியிலேயே வரம்பு வைக்கலாம். கூட்டத்துக்கென்று தனி செட்டிங்கும் பல கருவிகளில் உண்டு. ‘கேக்கல’ என்று மட்டும் சொல்லாமல், எங்கே, யார் பேசும்போது என்று சொன்னால் அவருக்கும் வேலை சுலபம்.

அடுத்த கல்யாணத்தில் மேளக்காரர்களுக்கும் ஸ்பீக்கருக்கும் முதுகு இருக்கும்படி தாத்தாவை உட்கார வையுங்கள். முன்னால் வரும் பேச்சுக்கு முன்னுரிமை தரும் மைக்குகள்தான் இப்போது பல கருவிகளில் இருக்கின்றன. பேசும்போது அவர் முகத்துக்கு நேரே வந்து பேசுங்கள், காதுக்குள் கத்த வேண்டாம்.